தொண்ணூறு கிணறும் அம்மா சொன்ன ஒரு பொய்யும்

அப்பு,

ஒட்டன்சத்திரம் பக்கம் அளவை வேலை முடிந்து நீ சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருவாய். குளிப்பாய், சாப்பிடுவாய், பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அந்தப் பொது அறிவுப் புத்தகத்தை எடுப்பாய். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருக்கிறாய். ஒரு மாதமாக அந்த டிக்கெட் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது நான் மில்லில் ஷிப்டில் இருப்பேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக நூல் சுற்றும் கோன் வைண்டிங் மிஷின் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்தி, நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு வருவதுபோல் இருக்கிறது என்று உன் அப்பா சொல்வார். இந்த விஷயத்தைச் சண்டைபோல் சொல்லக் கூடாது. அழுதுகொண்டும் சொல்லக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. கொடைரோட்டுக்குப் போய், நந்தினி வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் நேரத்தில் நான் தலையில் கல்லைப் போட்டுவிட்டதாக உனக்குத் தோன்றும். தோன்றட்டும். அங்கே என்ன நடந்தது என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், நடுவில் தாவிப் படிக்காதே. படித்து முடித்ததும் உன்னோடு ஆடும் ஜாபரிடமும் சகாயத்திடமும் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கொடு. நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு பேருக்குத் தெரியத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

வைகாசியில் அவர்கள் நம் வீடு பார்க்க வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு வருகிறோம் என்றவர்கள் மூன்று மணிக்கே வந்து நின்றார்கள். நான் அப்போதுதான் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். மாடிக் கொட்டகையில் உங்கள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. உன்னைக் கீழே வரச்சொல்லி ஆள் அனுப்புவதற்குள், நந்தினியின் அப்பா கையில் காப்பி டம்ளரை வாங்கி ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, மேலேயிருந்து சகாயத்தின் குரல் கேட்டது. "தலைய வெட்டுடா! விடாத, தலைய வெட்டு!" தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அவர் டம்ளரோடு அண்ணாந்து பார்த்தார்.

"மாடியில யாருங்க?" என்றார்.

"பசங்கண்ணே. கவர்மெண்ட் பரீட்சைக்குப் படிக்கிறாங்க, ஒண்ணா உக்காந்து."

"தலைய வெட்டுங்குறாங்க?"

"சரித்திரப் பாடம்ணே," என்றேன்.

எப்படித்தான் வாயில் வந்ததோ தெரியாது. நினைத்துப் பார்த்தால் இப்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது, அதே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் தோன்றுகிறது. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அதான பாத்தேன்! மாப்பிள்ள சும்மா இருக்கிற ஆளா தெரியலயே," என்றார். அந்த நிமிஷத்தில் மறுத்துச் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். நான் கேசரியைக் கொண்டுவந்து வைத்தேன். பூதம், குகை என்று கதை ஆட்டம் ஆடிக்கொண்டு இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையெல்லாம் உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்தேன். இதுதான் உண்மை. உன்னைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை, பயம்தான். ஆனால் பயந்து சொன்ன பொய்க்கும் வெட்கப்பட்டுச் சொன்ன பொய்க்கும் கேட்கிறவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

ஆனியில் நிச்சயதார்த்தம். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ள இப்ப சர்வேயர்ட்ட நெலப் படம் போடுறாரு, அடுத்த வருசம் கவர்மெண்ட்டுல இருப்பாரு" என்று ஊருக்கே சொன்னார். தட்டில் தேங்காய் பழத்தோடு பரீட்சைக்கான புத்தகங்கள் ஆறு வைத்திருந்தார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் வாழைப்பழச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் நோட்டுகளையெல்லாம் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினாய். ஜாபருக்குப் போன் பண்ணி ஆட்டம் முடிந்தது என்றாய். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "போதும்மா, கல்யாணம் ஆகப்போவுது, இனி அதெல்லாம் எதுக்கு?" என்று மட்டும் சொன்னாய். மறுநாள் அந்த ஆறு புத்தகங்களில் முதல் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தாய். என் பொய்யை எப்படியாவது நிஜமாக்கி என் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இது நான் உனக்குச் செய்த முதல் தப்பும் இல்லை. நீ பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது உன் பைக்குள் விதவிதமான பகடைகள் இருந்தன. ஒன்று நாலு முகம், ஒன்று எட்டு முகம், ஒன்று கிட்டத்தட்ட உருண்டை, அதில் இருபது வரைக்கும் எண்கள். ஜாபரின் அண்ணன் எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தது. சூதாட்டம் என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் நம் தெருச் சாக்கடையில் கொட்டினேன். அடுத்த வாரம் நான் புளி தட்டிக்கொண்டிருந்தபோது வந்து, "இந்த முத்துல ஒரு இருவது எடுத்துக்கிறவாம்மா?" என்று கேட்டாய். பல்லாங்குழி ஆடப்போகிறாய் என்று நினைத்தேன். ஒவ்வொரு புளியமுத்திலும் வெள்ளைப் பெயிண்டால் ஒன்றிலிருந்து இருபது வரை எழுதி, காலி ஊறுகாய் ஜாடியில் போட்டுக்கொண்டாய். கையை விட்டு ஒன்றை எடுப்பது, எண்ணைப் பார்ப்பது, திரும்பப் போடுவது. பகடை இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்கவில்லை. நீ சம்பாதிக்க ஆரம்பித்து நல்ல பகடை வாங்க முடிந்தபோதும் நீங்கள் மூன்று பேரும் அந்த ஜாடியை விடவில்லை.

அந்த ஆட்டம் என்னவென்று எனக்குப் புரியவே நாலைந்து வருஷம் ஆனது. ஒருவர் நடுவர், அது நீ. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "உங்கள் முன்னால் இடிந்த மண்டபம், உள்ளே இருட்டு, என்ன செய்கிறீர்கள்?" என்று நீ கேட்பாய். அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் ஜாடியில் கையை விட வேண்டும். பாத்திரத்தின் பலம் பத்து என்றால், பத்துக்குள் வந்தால் காரியம் ஆயிற்று, தாண்டினால் இல்லை. இவ்வளவுதான். கேட்கும்போது குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்த மண்டபத்தையும், அதைச் சுற்றியுள்ள நாட்டையும், அதில் என்ன செய்யலாம் என்ன செய்யக் கூடாது என்பதையும் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டும். அதை நீ எழுதினாய், எழுதி எழுதி அடித்தாய், அடித்ததைத் திரும்ப எழுதினாய்.

முதலில் நீ எழுதிய நாட்டில் பனி பெய்தது. இங்கிலீஷில் எங்கோ படித்ததை அப்படியே எடுத்துவந்திருந்தாய். கோட்டை, ஓநாய், உறைந்துபோன ஏரி. சகாயம், "பனின்னா எப்பிடிடா, கொடைக்கானல்ல மார்கழி மாதிரியா?" என்று கேட்டான். உனக்கும் தெரியவில்லை. பிறகு அந்த நாட்டு ராஜாக்களின் பரம்பரையை நாலு நோட்டில் எழுதினாய். யாருக்கு யார் மகன், யார் யாரைக் கொன்றார்கள் என்று. நீ அதை வாசிக்கும்போது ஜாபர் விட்ட கொட்டாவி மாடிப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. அவர்களுக்கு வேண்டியது பழைய ராஜா இல்லை, கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான்.

அந்தச் சுண்டல் நாள் உனக்கு நினைவிருக்கும். நான் தட்டோடு மாடி ஏறினேன். நீங்கள் ஒரு வறண்ட கிணற்றின் வாயில் நின்றிருந்தீர்கள், கதையில்தான். கயிற்றில் எத்தனை பேர் இறங்கலாம் என்று சண்டை. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, விளக்க எறக்கிப் பாத்தீங்களா மொதல்ல?" என்றேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தீர்கள். வேடசந்தூர்ப் பக்கம் நாங்கள் தோட்டம் செய்தபோது, பாழுங்கிணற்றைத் தூர் வார இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்குவார்கள். அடியில் கெட்ட காற்று நின்றால் விளக்கு அணைந்துவிடும். அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்குவதில்லை. ஒரு கோடையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவசரப்பட்டு விளக்கில்லாமல் இறங்கினார், ஏறி வரவில்லை. இதைச் சொல்லிவிட்டுச் சுண்டலை வைத்தேன். யாரும் சாப்பிடவில்லை. நீ பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாய்.

அன்றைக்கே பனியைக் கிழித்துப் போட்டாய். தொண்ணூறு கிணற்று நாடு அப்படித்தான் வந்தது. மழை மறந்துபோன ஒரு சமவெளி, அதில் தொண்ணூறு பாழுங்கிணறுகள், அவற்றின் அடியில் ஒன்றையொன்று தொடும் சுரங்கங்கள். நீங்கள் படித்த இங்கிலீஷ் ஆட்டப் புத்தகங்களில் தீப்பந்தம் எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்களாம். நீ தண்ணீரை எண்ண வைத்தாய். ஆளுக்கு மூன்று சொம்பு, ஆறு சுற்றுக்கு ஒரு வாய், தீர்ந்தால் பலம் இறங்கும். அதைப் படித்தபோது, என் மகன் இந்த ஊர்க்காரன்தான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. எதிரில் ஒரு ஜந்து வந்தால் உடனே வெட்டக் கூடாது, அதன் மனநிலை என்ன என்று முதலில் முத்து எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கும் பயம் இருக்கும், பசி இருக்கும் என்று எழுதினாய். கொன்றதற்கு மதிப்பில்லை, கீழேயிருந்து மேலே கொண்டுவந்ததற்குத்தான் மதிப்பு என்று எழுதினாய். அந்தச் சமவெளி முழுவதையும் ஒரே மூச்சில் வரையவும் இல்லை. அளவைத் தாளில் கட்டம் கட்டமாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய ஒரு கிணற்றை மட்டும் வரைவாய். மற்ற இடமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். கல்யாணத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்ல நினைத்த புத்திமதியும் அதுதான். உன் அப்பாவும் நானும் முப்பது வருஷத்துக்கும் சேர்த்து வரைந்துவைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். ஒரு கோடுகூட நாங்கள் போட்ட இடத்தில் இல்லை. அடுத்த கிணறு வரைக்கும் வரைந்தால் போதும்.

ஆள் குறைந்த ஒரு கோடையில் என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். விளக்குக்காரி என்று எனக்கொரு பாத்திரம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இருபத்தேழாம் கிணற்றில், ஒரு கல் கதவு சாய்ந்து விளக்குக்காரி செத்துப்போனாள். "பெத்த அம்மான்னுகூடப் பாக்கலயேடா" என்றேன். "ரூல்ஸ் எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பினாய். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உனக்கு வெஞ்சனமே வைக்கவில்லை, வெறும் ரசமும் சோறும்தான். நீயும் சளைக்காமல் அதைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனாய். மூன்றாம் நாள் நானே இறங்கிவந்தேன். வேறு யார் விளக்கு பிடித்திருந்தாலும் செத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

ஆனால் நீயும் ஒரு தடவை தவறினாய். ஜாபர் தன் பாத்திரத்தை நாலு வருஷமாக வளர்த்திருந்தான். ஒரு பூதம் அவனை அடிக்கும்போது நீ நோட்டுக்குப் பின்னால் கையை மறைத்து முத்து எடுத்தாய். மூன்று வந்தது, பூதத்தின் பலத்துக்குள் வந்ததால் அடி விழுந்து அவன் செத்தான். அடி தவறியதாக்க நீ பதினெட்டு என்று சொன்னாய். ஜாபர் மெதுவாக எட்டி உன் உள்ளங்கையைத் திறந்து பார்த்தான். அவன் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "ஏன்டா, இதுக்கு முன்னாடி நான் பொழச்சதெல்லாம் நான் பொழச்சதா, நீ பொழைக்க வச்சதா? இனி எனக்கு எப்பிடித் தெரியும்?" மூன்று வாரம் அவன் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. நீ அவன் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினாய்: நடுவர் எல்லார் கண்ணுக்கும் முன்னால் எடுக்க வேண்டும். எடுத்த முத்தை மாற்றக் கூடாது.

அந்த வரியைப் போன வாரம்தான் திரும்பப் படித்தேன். பரணைச் சுத்தம் செய்கிறேன் என்று ஏறினேன், சாக்கு கைக்குத் தட்டுப்பட்டது, உட்கார்ந்துவிட்டேன். முதல் பக்கத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. உன் நண்பனின் பொம்மை உயிருக்கு நீ அவ்வளவு பார்த்திருக்கிறாய். நான் உன் கல்யாணத்துக்குக் கையை மறைத்து முத்து எடுத்திருக்கிறேன். நாளைக்கு நந்தினி உன்மேல் பிரியமாக இருந்தால் அது உன்மேலா, பரீட்சைக்குப் படிக்கிற யாரோ ஒருவன்மேலா என்று உனக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத்தான் எப்படித் தெரியும்? பரணிலிருந்து இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். "நீ ஏன் இப்ப குட்டையக் குழப்புற? கல்யாணம் முடியட்டும், தானா சரியாப் போவும்" என்றார் உன் அப்பா. அப்படித் தானாகச் சரியாகப் போனது எதையும் இந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. நந்தினிக்குப் போன் பண்ணி, புதன்கிழமை அவளும் அவள் அப்பாவும் வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

சாக்கை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "என்னம்மா, அரிசியா?" என்றார் கண்டக்டர். நோட்டு என்றேன், நம்பவில்லை. ஆடிக் காற்று ஜன்னல் வழியாக மண்ணை வாரி இறைத்தது. சின்னாளப்பட்டி தாண்டும்வரை என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது எல்லாம் மறந்துவிட்டது. மல்லிகையெல்லாம் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு அவர் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். நந்தினி வேலை பார்க்கும் லேபுக்கு லீவு போட்டிருந்தாள். அவள் அம்மா மோர் கொடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. என் மகன் எந்தப் பரீட்சைக்கும் படிக்கல. இதத்தான் எழுதிக்கிட்டு இருந்தான்," என்று சாக்கைப் பிரித்துக் கொட்டினேன்.

அவர் நோட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரித்திரப் பாடம்னீங்களே?"

"இல்லண்ணே."

"அப்ப தலைய வெட்டுன்னது?"

"கெணத்துக்குள்ள ஒரு பூதம்ணே. அதோட தல."

சூதாட்டமா என்று கேட்டார், காசு வைப்பதில்லை என்றேன். அப்புறம் ஆரம்பித்தார். "நான் மைக்கப் புடிச்சு ஊருக்கே சொல்லியிருக்கேன் சம்பந்தி. கவர்மெண்ட் மாப்பிள்ளைன்னு அம்புட்டுப் பேருக்கும் சொல்லியிருக்கேன். இம்புட்டு நாளா எங்கள என்னன்னு நெனச்சீங்க?" என்றார். ஒன்றுகூட அநியாயமான கேள்வி இல்லை. கடைசியாகச் சொன்னேன்: "படம் போடுற வேலதான் அவனுக்கு நெசம். ஞாயித்துக்கெழம இந்த நோட்டு நெசம். கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. பொய் சொன்னது நானு, அவன் இல்ல. இத வச்சுப் புடிச்சாக் குடுங்க, புடிக்கலன்னா இப்பவே சொல்லிருங்க." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். உன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன், அப்பு. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கத் தோன்றவில்லை.

நந்தினி தரையில் உட்கார்ந்து நோட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். சொம்புத் தண்ணீர் விதியில் லேசாகச் சிரித்தாள். விளக்கு விதி வந்ததும் நின்றுவிட்டாள். "இது யாரு சொன்னது அத்த?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். "இது மட்டும் பத்தாது அத்த. சில காத்து இருக்கு, வெளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆளு விழுந்துருவாங்க. நாங்க படிச்சிருக்கோம். எறங்குற ஆளோட இடுப்புல கயிறு கட்டி, மேல ஒருத்தர் புடிச்சுக்கிட்டே இருக்கணும். ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டே இருக்கணும். விடக் கூடாது." பேசிக்கொண்டே பேனா எடுத்து உன் நோட்டின் ஓரத்தில் எழுதிவிட்டாள். உன்னைக் கேட்காமல்தான். கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பிறகு, நோட்டுகளோடு நான் கொண்டுபோயிருந்த ஜாடியைக் கேட்டாள். தனக்கென ஒரு பாத்திரம் உண்டாக்க, அதன் ஆறு குணத்துக்கு ஆறு முத்து எடுத்தாள். உடல் உறுதிக்கு வந்தது இருபதுக்கு மூன்றுதான். எனக்கு மனசு கேட்கவில்லை, "வேற ஒண்ணு எடுத்துக்கம்மா, யாரு பாக்குறா" என்றேன். பார், அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "மொதப் பக்கத்துல மாத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே?" என்று கேட்டுவிட்டு மூன்றையே எழுதி, தாளை மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். இதோடு அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதே. வாசல்வரை என்னோடு வந்து அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குக் கோவம் இருக்கு அத்த. உங்க மேல கம்மி, அவரு மேலதான் ஜாஸ்தி. ரெண்டு மாசமா தெனம் போன்ல படிப்பு எப்பிடிப் போவுதுன்னு கேக்குறேன். போவுது போவுதுங்குறாரு. வாய் இருக்குல்ல அவருக்கு?" அந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். பொய்யை ஆரம்பித்தது நான், தினமும் தண்ணீர் ஊற்றியது நீ.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கோபம் இறங்கியிருக்கவில்லை. "ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு நானும் பாப்பாவும் வாரோம். என்னதான் பண்றாங்கன்னு செத்த நேரம் உக்காந்து பாத்துட்டுத்தான் நான் சொல்லுவேன்," என்றார். கல்யாணம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நாளை. ஜாபருக்கும் சகாயத்துக்கும் சொல்லிவிட்டேன், வருகிறார்கள். சாக்கு மாடிக் கொட்டகையில் இருக்கிறது. இந்தத் தடவை கேசரியை மத்தியானமே கிண்டிவிடுவேன். ஆட்டத்துக்கு முன்னால் அவளிடம் நீ பேச வேண்டியதைப் பேசிவிடு, அதை நான் எழுதிக்கொடுக்க முடியாது. அப்புறம் உட்கார். மாமனார் பார்க்கிறார் என்பதற்காகப் பூதத்தைச் சாதுவாக்காதே. சகாயத்தை மெதுவாகக் கத்து என்று சொல்லாதே. நந்தினியின் பாத்திரத்துக்கு உடல் உறுதி மூன்றுதான், முதல் கிணற்றிலேயே செத்தாலும் சாகட்டும், அவள் தாங்குவாள். ஜாடியை நடுவில் வைத்து எல்லாரும் பார்க்க எடு. அவர்கள் வேண்டாம் என்று எழுந்து போனாலும் அந்த நோட்டு மறுபடி பரணுக்குப் போகக் கூடாது, நான் விடமாட்டேன். தொண்ணூறில் நாற்பத்தொன்றுதான் வரைந்திருக்கிறாய். மிச்சத்தையும் வரைந்து, விதிகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போட்டுவிட்டுத்தான் நீ ஓய வேண்டும். பரீட்சை எழுத உனக்கே ஆசை இருந்தால் எழுது. எனக்காக ஒரு பக்கம்கூடப் படிக்காதே.

பகடையைச் சாக்கடையில் கொட்டியதற்கும், அன்று வாழைப்பழச் சீப்பைப் பார்த்ததற்கும் என்னை மன்னித்துக்கொள், அப்பு. அம்மா உன்னை நினைத்து வெட்கப்பட்டதே இல்லை.

நாளை மூன்று மணிக்கு நீ கிணற்றின் வாயில் நிற்பாய். விளக்கை நான் இறக்கிப் பார்த்துவிட்டேன், அணையவில்லை. மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்வாளா என்று அவளிடம் நீயே கேள்.

அம்மா